சன்ஸ்கிரீன் பூசியும் தோல் வெந்துபோவது ஏன்?

உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும், குழந்தைக்குத் தொப்பி போட வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. தோல் சிகிச்சைக்காக என்னிடம் வருபவர்களில் பலர் அக்கறையற்றவர்கள் அல்லர். சன்ஸ்கிரீனை வாங்கிப் பூசி, அதை நம்பி வெயிலில் நின்றவர்கள்.

மிகக் குறைவாகப் பூசுவது

எத்தனை முறை பார்த்தாலும் என்னை ஆற்றாமைக்கு உள்ளாக்கும் தவறு இது. கடற்கரைக்குப் போய்வந்த ஒரு சிறுவனின் முதுகில், பூசிய விரல்கள் ஓடிய தடம் மட்டும் கோடுகோடாக இயல்பான நிறத்தில் இருக்க, இடைப்பட்ட தோல் முழுவதும் சிவந்து கொப்புளித்திருந்தது. "எஸ்.பி.எஃப் 50 தானே டாக்டர் பூசினோம்?" என்று தந்தை டியூபை எடுத்துக் காட்டினார். நான்கு பேர் பகல் முழுவதும் பயன்படுத்திய அந்த 50 மில்லி டியூபில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

டியூபின் மேல் அச்சிட்டிருக்கும் எஸ்.பி.எஃப் எண், அதாவது தோல் வெந்துபோகாமல் எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துப் பெறப்பட்டது. பெரும்பாலோர் அதில் பாதியைக்கூடப் பூசுவதில்லை என்பதால், அந்த எண் சொல்லும் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை. பெரியவர் ஒருவரின் உடல் முழுவதற்கும் ஒரு தடவைக்கு 30 முதல் 35 மில்லி தேவை. முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் என்றால், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடிவரை பிதுக்கிய அளவு வேண்டும். தோலை வெந்துபோகச் செய்யும் புற ஊதாக் கதிர்களான யூ.வி.பி கதிர்களில் எஸ்.பி.எஃப் 30 ஏறத்தாழ 97 சதவீதத்தையும் 50 ஏறத்தாழ 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. ஆகவே பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுத்துச் சிக்கனமாகத் தடவுவதைவிட, இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர்களான யூ.வி.ஏ கதிர்களையும் தடுக்கும் 30ஐ வாங்கித் தாராளமாகப் பூசுவதே மேல். அதுவும் கட்டுப்படியாகவில்லையென்றால், நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையை அணிவித்துவிட்டு, வெளியே தெரியும் இடங்களுக்கு மட்டும் குறைவில்லாமல் பூசுங்கள். காது மடலும் பின்கழுத்தும் அவற்றில் சேர்த்தி.

காலையில் பூசியது மாலைவரை தாங்கும் என்பது

தாங்காது. வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீந்தியபின் அல்லது வியர்வையைத் துடைத்தபின் உடனேயும் மறுபடி பூச வேண்டும்.

கண்ணாடியையும் மேகத்தையும் நம்புவது

சாதாரண ஜன்னல் கண்ணாடி யூ.வி.பி கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் தோல் சிவப்பதில்லை. ஆனால் சுருக்கங்களுக்குக் காரணமான யூ.வி.ஏ கதிர்களில் கணிசமான பகுதி உள்ளே வந்துவிடுகிறது. மேகமூட்டமான நாளிலும் வெயிலில் புற ஊதாக் கதிர்களின் வலிமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு அவசியம்.

கைக்குழந்தைக்குப் பூசுவது

ஆறு மாதம் நிறையும்வரை நிழலும் துணியும்தான்.

கருத்த தோலுக்குத் தேவையில்லை என்பது

தோலுக்குக் கருமை தரும் நிறமியான மெலனின் அதை வெந்துபோகாமல் ஓரளவு காக்கிறது, முழுமையாக அல்ல. முகத்தில் மங்கு உள்ளவர்களுக்கு அதைக் கருமையாக்குவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு என்பதால், வெள்ளை கிரீமைவிட இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலான சன்ஸ்கிரீனே அவர்களுக்கு ஏற்றது.