ஊர் மாறலாமா? அங்கே ஒரு செவ்வாய்க்கிழமையைக் கழித்துப் பாருங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. 2015-லும் வந்ததுதான், அப்போது மகன் யு.கே.ஜி. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், மொட்டை மாடியில் தலையணைகளைக் காயப்போட்டுக்கொண்டே என் கணவர் கேட்டார்: "பேசாம கோயம்புத்தூர் போயிடலாமா?" பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் அவரை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்றைக்கு இருந்த எரிச்சலில் உடனே சரி என்று சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லாமல் அப்புறம் ஐந்து மாதம் யோசித்தோம். யோசித்த விதத்தில் எது உதவியது, எதைக் கோட்டை விட்டோம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் சொல்கிற மாதிரி நோட்டில் நடுவே கோடு போட்டு சாதகம், பாதகம் எழுதினோம். இந்தப் பக்கம் 'நல்ல கிளைமேட்', அந்தப் பக்கம் 'சொந்தக்காரர்கள் இல்லை'. அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் பன்னிரண்டு வரி. ஒரு முடிவும் பிடிபடவில்லை. குளிர்ந்த காற்றையும் பெரியம்மா வீட்டையும் எந்தத் தராசில் வைப்பது? இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்க போனா காலையில நான் எந்தக் கோயிலுக்கு நடந்து போவேன்?"

அந்த நோட்டை மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தோம். வீட்டில் இருக்கும் நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம். சாதாரண செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து வரை இங்கே என்ன செய்கிறோம், அங்கே என்ன செய்வோம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

கணவரின் பக்கம் சுலபமாக நிரம்பியது. மடிப்பாக்கத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை பைக்கில் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றரை. அங்கே இருபது நிமிடம். மகன் எட்டாம் வகுப்பு. போவதாக இருந்தால் அந்த மே மாதமே போக வேண்டும், ஒரு வருடம் தள்ளினால் நேராகப் பத்தாம் வகுப்பில் புதுப் பள்ளி. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு விஷயமே பாதி முடிவைச் செய்துவிடும். பத்திலும் பன்னிரண்டிலும் பள்ளி மாற்றுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது பணம். சம்பளம் மாதம் 9,000 குறைவு. வாடகை 19,000-லிருந்து 13,500 ஆகும், அதில் 5,500 மிச்சம். லாரித் தண்ணீரோடு சேர்த்து நாங்கள் கட்டிய மெயின்டெனன்ஸில் 2,000 மிச்சம். பெட்ரோலில் 1,500. கூட்டினால் சரியாக 9,000. "பாத்தியா, ஒண்ணும் நஷ்டமில்ல" என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. நான் வீட்டில் பதினொரு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். தலைக்கு 700, மாதம் 7,700. அந்த வரி நோட்டிலேயே இல்லை. அவர் வேண்டுமென்று விடவில்லை, எனக்கே தோன்றவில்லையே. சம்பளச் சீட்டு இல்லாத வருமானம் கணக்கில் ஏறுவதில்லை. தையல், பலகாரம், டியூஷன், சீட்டு என எதுவாக இருந்தாலும் முதலில் அதை எழுதுங்கள். அந்த வாடிக்கை சேர எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு ஆறு வருடம்.

ஒரு தடவை மட்டும் ஆகும் செலவு தனி. எங்களுக்கு ஆனது: லாரியும் ஆட்கூலியும் 32,000. பழைய வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க என்று அட்வான்ஸில் பிடித்தது ஒரு மாத வாடகை, 19,000. புது வீட்டுக்குப் புரோக்கர் கமிஷன் 13,500. மே மாதம் இரண்டு வீட்டுக்கும் வாடகை கட்டியதில் இன்னொரு 13,500. பள்ளிச் சேர்க்கை 25,000. ஆக 1,03,000. இதை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 4,300. மாதக் கணக்கு சமம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி: இந்த வேலை ஆறு மாதத்தில் போய்விட்டால், அதே ஊரில் அடுத்த வேலை கிடைக்குமா? ஒரே ஒரு கம்பெனியை நம்பிப் போவதென்றால் வேண்டாம் என்றிருப்பேன். கோவையில் பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று இவர் தொழில் தெரிந்த பட்டறைகளுக்கும் கம்பெனிகளுக்கும் குறைவில்லை. பணக் கணக்கு எதிராக நின்றும் நான் சம்மதித்ததற்கு இதுதான் பெரிய காரணம். இன்னொரு தடவை தரைத்தளத்தில் மழைக்குக் காவல் இருக்க முடியாது என்பதும் உண்டு.

போய்ப் பார்ப்பது எப்போது? ஊரின் மோசமான மாதத்தில். கோவைக்கு ஜூலையில் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் சேர்ந்து உங்களை மயக்கிவிடும். அப்படி ஜூலையில் அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஏப்ரல் கடைசியில் போனோம், வெயில் சென்னைக்குச் சளைத்ததாக இல்லை. சென்னைக்குக் குடிபோகிறவர்கள் ஜனவரியில் வீடு பார்ப்பதும் இதே தப்பு. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமென்றால் நவம்பர் மழையில் ஒரு நாள் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். முடியாவிட்டால் முக்கில் இருக்கும் பெட்டிக்கடையில் கேளுங்கள். 2015-ல் எதுவரை தண்ணீர் வந்தது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். புரோக்கர் காட்ட மாட்டார்.

எங்களுக்கு முதலில் பிடித்தது வடவள்ளி. மருதமலை தெரிகிற மாடி, நல்ல காற்று. முன்பணம் கொடுக்கவே தயாராகிவிட்டோம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு அங்கிருந்து பீளமேட்டுக்குக் கிளம்பிப் பார்த்தோம். மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக்கு ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். காந்திபுரம் தாண்டுவதற்குள் ஐம்பது நிமிடம். மடிப்பாக்கத்துப் பாட்டையே மறுபடி பாடவா இவ்வளவு தூரம் வந்தோம்? சிங்காநல்லூரில் வீடு பார்த்தோம். காமராஜர் ரோடு வழியாக பீளமேடு பக்கம், மதுரைப் பக்கம் போக பஸ் ஸ்டாண்டும் அங்கேயே. மாமியார் ஊருக்குப் போக வசதி. நடக்கிற தூரத்தில் பிள்ளையார் கோயில் ஒன்று இருந்தது. அவருடைய பக்கத்தில் அதுவரை இருந்த ஒரே நல்ல வரி அதுதான்.

வீட்டில் கேட்க வேண்டியது ஊருக்கு ஊர் மாறும். கோவையில் குழாய் இரண்டு: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு, தரைத்தொட்டி எவ்வளவு பெரியது? வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டால் "அதெல்லாம் வருமுங்க அம்மிணி" என்பார். மாடியில் குடியிருப்பவரிடம் தனியாகக் கேளுங்கள். கரண்ட் மீட்டர் தனியா என்றும் கேளுங்கள். தனி இணைப்பு என்றால்தான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு வந்து சேரும், சப்-மீட்டர் என்றால் வீட்டுக்காரர் சொல்கிற ரேட்தான். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது.

முடிந்தால் ஒருவர் முன்னால் போய் இருந்து பாருங்கள். என் கணவர் பிப்ரவரியிலேயே வேலையில் சேர்ந்து மூன்று மாதம் அறையெடுத்துத் தங்கினார். அது ஒத்துவராமல் போயிருந்தால் எங்களுக்கு நஷ்டம் அறை வாடகை மட்டும்தான், லாரி கிளம்பியிருக்காது. அதுவரை மகனின் டி.சி.யை வாங்கவில்லை, மடிப்பாக்கத்து வீட்டுக்காரரிடமும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வந்து போகும் செலவையும் மறக்காதீர்கள். என் அம்மா தாம்பரத்தில். வந்தே பாரத்தில் ஆறு மணி நேரம்தான், ஆனால் தீபாவளிக்கு டிக்கெட் வேண்டுமென்றால் முன்பதிவு திறக்கும் 60-ஆவது நாள் காலை எட்டு மணிக்குப் போனும் கையுமாக உட்கார வேண்டும். அவசரமென்றால் ராத்திரி ஆம்னி பஸ், கேட்ட காசு. வருடத்துக்கு ஐந்து தடவை என்று எழுதி வைத்தோம். முதல் வருடம் போனது ஒன்பது தடவை.

2024 மே மாதம் வந்தோம். கணவர் ஆறரை மணிக்கு வீட்டில் இருக்கிறார், மகனுக்கு ஒரு மாதத்தில் 'ஏனுங்க' வந்துவிட்டது. மாமியாருக்கு இன்னும் மடிப்பாக்கத்து டாக்டர்தான் டாக்டர், போனில் கேட்டுத்தான் மாத்திரையை மாற்றுகிறார். டியூஷனுக்கு முதல் ஆறு மாதம் இரண்டே பிள்ளைகள், அதுவும் மாடி வீட்டுப் பிள்ளைகள். இப்போது ஏழு பேர், தலைக்கு 600. மாதம் 4,200. பழைய கணக்குக்கு இன்னும் 3,500 குறைகிறது.