சங்கத்துக்கோ பள்ளிக்கோ குறிக்கோளுரை வைப்பது எப்படி?

முதலில் முத்திரையின் அளவை எடுங்கள்; வாசகத்தை அப்புறம் தேடலாம். 40 மி.மீ. வட்ட ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து ஓடும் வளையத்தின் சுற்றளவு சுமார் 100 மி.மீ. தான். பெயரும் ஊரும் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடும். மீதி இடத்தில், எழுத்துக்கு இரண்டரை மி.மீ. என்று இறுக்கினாலும் 13 எழுத்துக்கு மேல் தெளிவாக விழாது. தமிழ்நாடு அரசின் ‘வாய்மையே வெல்லும்’ எட்டே எழுத்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ‘மெய்ப்பொருள் காண்பது அறிவு’ 13; விளிம்பில் நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ‘கற்றனைத் தூறும் அறிவும் ஆற்றலும்’ 17. பெரிய இலச்சினைக்கு அழகு, சின்ன ஸ்டாம்பில் மை அப்பிக்கொள்ளும்.

வாசகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குறளுக்குத்தான் போவார்கள். போகட்டும், ஆனால் வெட்டும் இடத்தில் கவனம் வேண்டும். 108ஆம் குறளின் கடைசி மூன்று சொல்லை மட்டும் எடுத்தால் ‘அன்றே மறப்பது நன்று’. இதைப் பள்ளி வாசலில் எழுதினால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். வெட்டிய துண்டு தனியாக நின்று முழுப்பொருள் தருகிறதா என்று, அந்தக் குறளை அறியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது ஒற்று. 391ஆம் குறளில் ‘கசடறக் கற்பவை’ என்று வருவதால் அங்கே ‘க்’ உண்டு. ‘கற்க கசடற’ என்று நிறுத்தினால் அந்த ஒற்றை எடுத்துவிட வேண்டும். சீர் பிரிப்பும் காலை வாரும். ‘கற்றனைத் தூறும்’ என்பது வெண்பாவுக்காகப் பிரித்தது. சொல்லாகப் பிரித்தால் ‘கற்றனைத்து ஊறும்’. இடைவெளியோடு பார்க்கிறவர் மழை தூறுவதாக நினைத்துக்கொள்வார். ஒன்று சேர்த்தெழுதுங்கள், அல்லது சொல்லாகப் பிரியுங்கள்.

லத்தீன் வைத்தால் கம்பீரம் என்று ஒரு நினைப்பு உண்டு. தென்னாப்பிரிக்கா 2000இல் இன்று பேசுவோர் இல்லாத ஒரு கோய்சான் (அந்நாட்டுப் பழங்குடி) மொழியில் தன் வாசகத்தை வைத்தது. அப்போது 11 ஆட்சிமொழி இருந்த நாட்டில் எதற்கும் முன்னுரிமை தராமல் இருக்க அது ஒரு வழி. உங்கள் ஊர் நூலகத்துக்கு அப்படியொரு நெருக்கடி இருக்காது.

இலச்சினையில் படம் இருந்தால் வாசகம் அதோடு பேச வேண்டும். பாரிஸின் சின்னத்தில் கப்பல்; 1853இல் அதிகாரபூர்வமான வாசகம் ‘அலைக்கழிந்தாலும் மூழ்காது’. எண், எல்லை, திசை வரும் வாசகங்களைத் தவிர்ப்பது நல்லது. கனடாவின் ‘கடல் முதல் கடல் வரை’ 1921இல் வந்தது. வடக்கே மூன்றாவதாக ஒரு சமுத்திரம் இருக்கிறதே என்ற பேச்சு பிறகு எழுந்தது.

பதிவு செய்யும்போது செயற்குழுத் தீர்மானத்தில் சரியான எழுத்துக்கூட்டல், மூலம், பொருள் மூன்றையும் எழுதுங்கள். சங்க விதிகளில் சேர்க்க வேண்டாம். பின்னால் மாற்ற நினைத்தால் விதித் திருத்தம் வரை போக வேண்டியிருக்கும். குலச்சின்னங்களிலும் இதே வேறுபாடு உண்டு: இங்கிலாந்தில் குடும்பம் தன் வாசகத்தை இஷ்டப்படி மாற்றலாம், ஸ்காட்லாந்தில் அது சின்னத்தோடு சேர்த்தே வழங்கப்படுவதால் முடியாது. நான்முகச் சிங்கத்தை மட்டும் தொடாதீர்கள்; அரசுச் சின்னத்தின் தவறான பயன்பாட்டைத் தடுக்க 2005ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

கடைசியாக அச்சு. வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுங்கள். வளைவில் ஓட்டும்போது சில மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகிவிடும். ‘பொ’, ‘கொ’ உள்ள வாசகங்களில் இது அடிக்கடி நடக்கும். எழுத்தை வெக்டர் வடிவமாக (கோட்டுப் படமாக) மாற்றிய பிறகே வளைக்கச் சொல்லுங்கள். அசல் அளவிலேயே ஒரு மாதிரி அச்சு வாங்கி, புள்ளிகள் எல்லாம் விழுந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.