ஒரே ஒரு மணிப்பெட்டி போதும்

பினாங்கில் என் வீட்டு டியூஷன் மேசையில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளையும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையும் சேர்ந்தே படிக்கிறார்கள். பிள்ளைகள் பொருள்களைத் தொட்டுப் பழகித் தாமே கற்கும் மாண்டிசோரி முறையில் 6 முதல் 9 வயதுவரை ஒரே வகுப்புதான். ஆகவே இதைக் குறையாக நினைக்காதீர்கள்.

இருவருக்கும் சேர்த்துக் கூட்டல் சொல்லித்தர, லிட்டில் இந்தியாவில் பாசிமணி வாங்கி, மெல்லிய கம்பியில் பத்துப் பத்தாகக் கோத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பத்துக் கோவைகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு. கொஞ்சம் உதிரி மணிகளும் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டால் அதுதான் மணிப்பெட்டி.

ஆளுக்கொரு பெட்டி கொடுத்துவிடாதீர்கள், காரியம் கெட்டது! ஒன்றே இருந்தால், முறைக்குக் காத்திருக்கும் சின்னவன் பெரியவள் செய்வதைக் கண்கொட்டாமல் பார்ப்பான். பாதிப் பாடம் அங்கேயே ஏறிவிடும்.

பிறகு பெரியவள் 18 உடன் 7ஐக் கூட்டிக் காட்டட்டும். அதிகம் பேசக் கூடாது, கைதான் பேச வேண்டும். பதினைந்து உதிரிகளில் பத்தைக் கொடுத்து ஒரு கோவையை வாங்கும்போது, பத்தின் இடத்துக்கு ஏறும் 'மீதி ஒன்று' எங்கிருந்து வந்தது என்பது சின்னவனுக்குத் தானே புரியும்.

ஐந்து நிமிடம் போதும். அதற்குமேல் போனால், "என் மகள் படிக்க வந்தாளா, பாடம் நடத்த வந்தாளா?" என்று அவள் அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான்.

மேசைமேல் ஒரு துண்டை விரியுங்கள், மணிகள் உருண்டோடாது. முடிந்ததும் எல்லாம் மைலோ டின்னுக்குள்.