கிளியர் கோட்டில் வழிசல், ஆரஞ்ச் பீல், உரிதல்: எதைத் தேய்த்துச் சரிசெய்யலாம், எதை மறுபடி அடிக்க வேண்டும்

வண்டியின் கலருக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற படலமான கிளியர் கோட்டில் குறை தெரிந்ததும் கை முதலில் வாட்டர் பேப்பரைத்தான் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேடும். அதைத் தொடும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். குறை எந்த அடுக்கில் இருக்கிறது? தேய்ப்பதற்கு அங்கே எவ்வளவு கிளியர் இருக்கிறது?

கம்பெனி பெயின்டில் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் கிளியரின் பங்கு சுமார் 40 முதல் 50. ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அந்த மெல்லிய படலத்துக்குள்தான் இருக்கிறது. அதில் 10 மைக்ரானுக்கு மேல் எடுத்துவிட்டால் இன்றைக்குப் பளபளக்கும், சில வருட வெயிலில் வெளுத்து உரியத் தொடங்கும். ஒர்க்ஷாப்பில் புதிதாக அடித்த 2கே கிளியரில் (ஹார்ட்னர் என்ற கெட்டியாக்கும் திரவம் கலந்து அடிப்பது) இரண்டு கோட்டுக்கு 50 முதல் 60 மைக்ரான் கிடைக்கும். தேய்த்து பாலிஷ் போடும் எண்ணம் முன்பே இருந்தால் மூன்றாவது கோட்டும் அடித்துவிடுவது நல்லது. கம்பெனி பெயின்டின் ஆரஞ்ச் பீலை (ஆரஞ்சுத் தோல்போன்ற மேடுபள்ளம்) கண்ணாடிபோல் ஆக்க முயல்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அங்கே கீறலைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

தடிமன் பார்க்கும் கேஜ் இருந்தால் ஒரே பேனலில் பல இடங்களில் அளந்து பாருங்கள். சாதாரண கேஜ் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியரைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் அது வேலை செய்யாது.

எது தேய்ப்பதில் போகும்? மேற்பரப்பில் நிற்கும் வழிசல், தூசி மணி, ஆரஞ்ச் பீல், மேலோட்டமான கீறல் ஆகியவை போகும். நகத்தால் வருடும்போது நகம் மாட்டும் கீறல் பெரும்பாலும் போகாது. ஊசிக்குத்துப் போன்ற துளைகள், அடித்தபோதே கிளியர் விலகி வட்டமாகக் குழிந்த ஃபிஷ் ஐ இரண்டும் ஆழத்தில் இருப்பவை. தேய்க்கத் தேய்க்கத் துளை அகலும், பாலிஷ் போட்டதும் கம்பவுண்ட் (பாலிஷுக்குத் தேய்க்கும் பசை) உள்ளே புகுந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இவற்றுக்குத் துளையின் அடிவரை இறக்கி மறுபடி கிளியர் அடிப்பதே வழி. கலரே வழிந்து, அதன் மேல் கிளியர் போயிருந்தாலும் அப்படித்தான்.

வழிசலை எடுப்பது

பலர் அவசரப்படும் இடம் இது. கதவு முழுக்கக் காய்ந்திருக்கும், வழிசல் மட்டும் உள்ளே இளகியே இருக்கும், ஏனென்றால் அங்கே கனம் அதிகம். அப்போது தேய்த்தால் பேப்பரில் பிசின்போல் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். 2கே கிளியராக இருந்தால் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வழிசலின் மேல் நகத்தை அழுத்திப் பார்த்து, தடம் விழுந்தால் இன்னும் ஒரு நாள். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். கிளியர் முற்றிவிட்டால் தேய்ப்பதும் பாலிஷ் போடுவதும் இரட்டிப்பு உழைப்பு.

வழிசலைத் தேய்க்கும்போது சுற்றியுள்ள சமதளமும் சேர்ந்து தேய்ந்துவிடுவதுதான் உண்மையான ஆபத்து. அதைத் தடுக்க, வழிசலின் மேலும் இரு பக்கமும் மெல்லிய பட்டி (பள்ளம் நிரப்பும் பெயின்டர் புட்டி) ஒரு கை இழுத்துக் காயவிடுங்கள். பிறகு கெட்டியான சிறு கட்டையில் 1000 நம்பர் பேப்பரை (நம்பர் கூடக்கூடப் பேப்பர் நைசாகும்) சுற்றி, வழிசலின் மேல் மட்டும் குறுகிய இழுப்பாகத் தேயுங்கள். சுற்றியுள்ள பட்டி சமதளத்துக்குக் கவசமாக நிற்கும். பட்டி ஏறக்குறைய மறையும் நேரத்தில் வழிசலும் சமமாகியிருக்கும். அங்கே நிறுத்த வேண்டும்.

பட்டி இல்லாவிட்டால் புது பிளேடு போதும். பிளேடின் இரு ஓரத்திலும் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள், நடுவில் வழிசலின் அகலம் மட்டும் திறந்திருக்கட்டும். டேப்பின் கனம் பிளேடைப் பரப்பிலிருந்து சற்றே தூக்கிப் பிடிக்கும். பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் மெல்லிய சுருளாகச் சீவிக்கொண்டு வரும். டேப் பரப்பைத் தொட்டதும் பிளேடை வைத்துவிட்டு 1500 பேப்பருக்கு மாறுங்கள்.

ஆரஞ்ச் பீலைச் சமப்படுத்துவது

வண்டியை நன்றாகக் கழுவி நிழலில் நிறுத்துங்கள். ஒரே ஒரு மணல் துகள் பேப்பருக்கு அடியில் மாட்டினால் அது போடும் கீறல் 3000 நம்பரிலும் போகாது. பேப்பரைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டு, வாளித் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு விடுங்கள். பேனலின் விளிம்பு, பாடி லைன் மேடு ஆகிய இடங்களில் கிளியர் எப்போதும் மெலிவாகவே இருக்கும். அங்கெல்லாம் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள்.

1500 பேப்பரை ரப்பர் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுந்திய இடம் வாய்க்காலாக இறங்கும், பாலிஷ் போட்டபின் வெளிச்சத்தில் அலையடிக்கும். ஏழெட்டு இழுப்புக்கு ஒருமுறை தண்ணீரை ரப்பர் வைப்பரால் வழித்துவிட்டுப் பாருங்கள். மேடு மங்கலாகவும் பள்ளம் பளபளப்பாகவும் தெரியும். பளபளப்புப் புள்ளிகள் சிறுத்து ஒன்றிரண்டு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசிப் புள்ளியைத் துரத்தும்போதுதான் கிளியர் அறுந்துபோகிறது.

வரும் நீரின் நிறத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பால்போல் வெள்ளையாக வந்தால் கிளியர் தேய்கிறது. வண்டியின் நிறம் கலந்து வந்தால் கிளியர் தீர்ந்துவிட்டது, அல்லது அந்த வண்டிக்குக் கிளியரே இல்லாத ஒற்றை அடுக்கு பெயின்ட். வெள்ளை வண்டியில் இந்த அடையாளம் உதவாது, அங்கே கேஜ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

அடுத்து 2000, பிறகு 3000. ஒவ்வொரு நம்பரையும் முந்தைய நம்பரின் கோட்டுக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கோடு முழுக்கப் போனதா என்பது கண்ணுக்குத் தெரியும். நம்பர் மாற்றும்போது பேனல், வாளி, கட்டை மூன்றையும் கழுவுங்கள். 3000 நம்பரில் பொறுமையாக நின்றால் கம்பவுண்டில் பாதி நேரம் மிச்சம்.

பாலிஷ்

ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடு, நிமிடத்துக்கு 1200 முதல் 1500 சுற்று. ஒரு தடவைக்கு ஒன்றரை அடி சதுரம் போதும். அதற்கு பட்டாணி அளவில் நாலைந்து பொட்டு கம்பவுண்ட். மெஷினை ஓடவிடும் முன் பேடால் பரப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாலாபுறமும் தெறிக்கும். பேடைச் சாய்க்காமல், ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்த வேண்டும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சூடு தாங்கவில்லை என்றால் பேனலை ஆறவிடுங்கள். சூட்டில் கிளியர் இளகி எரியும். பம்பரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது.

பிறகு ஃபோம் பேடில் மெல்லிய பாலிஷ். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மூடி மறைக்கும் என்பதால், தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு எல்இடி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான பரப்பு.

நிறம் வெளிப்பட்டுவிட்டால், அல்லது கிளியர் உரிந்திருந்தால்

இரண்டுக்கும் பாலிஷ் மருந்தல்ல. உரிந்த பானெட்டின் மேல் அப்படியே கிளியர் அடிப்பது பரவலாக நடக்கும் தவறு. பழைய விளிம்பின் அடியில் தின்னர் புகுந்து சுருங்கித் தூக்கும், அந்த விளிம்பு வரைபடம்போல மேலே தெரியும். உரியும் பகுதி முழுவதையும் 320 அல்லது 400 பேப்பரால் எடுத்து, விரலால் தடவும்போது படி தெரியாத அளவுக்கு விளிம்பைச் சரித்துக்கொள்ளுங்கள். அங்கே 2கே பிரைமர் அடித்து, காய்ந்ததும் 600 பேப்பர் போட்டு, அதன் மேல் கலர். மீதிப் பேனல் முழுவதையும் 1000 பேப்பரால் மங்கவைத்து, கிளியரைப் பேனலின் ஓரம் வரை அடிக்க வேண்டும். பேனல் நடுவில் கிளியரை முடித்து ஃபேட்-அவுட் தின்னரால் கரைத்துவிட்ட விளிம்பு, வெயிலில் நிற்கும் வண்டியில் நாளடைவில் கோடாகத் தெரிந்து உரியத் தொடங்கும்.

கலரைப் போட்டுவிட்டு டெக்னிக்கல் ஷீட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் காயவிட்டால் கிளியர் அதில் பிடிக்காது. ஹார்ட்னர் அளவைக் கண்ணால் ஊற்றாமல் அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். சில கிளியருக்கு 2:1 (இரண்டு பங்கு கிளியருக்கு ஒரு பங்கு ஹார்ட்னர்), சிலவற்றுக்கு 4:1, டின்னில் போட்டிருக்கும். கூடினாலும் குறைந்தாலும் கெடும். ஸ்ப்ரே கன்னில் 1.3 மி.மீ. நாசில், உள்ளே வரும் காற்று சுமார் 2 பார், 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம், ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியையாவது மூட வேண்டும். முதல் கோட்டுக்குப் பின் பத்து நிமிடம் விட்டு, மாஸ்கிங் பேப்பரில் விழுந்த கிளியரை விரலால் தொடுங்கள். நூல்போல் இழுத்தால் இன்னும் பொறுங்கள். இந்தப் பொறுமை இல்லாததால்தான் வழிசலும் ஊசிக்குத்தும் வருகின்றன.

சித்திரை வெயிலில் வேகமான தின்னர் சேர்த்தால் கிளியர் பரவும் முன்பே காய்ந்து ஆரஞ்ச் பீல் ஆகும். ஸ்லோ தின்னர் வாங்கி, பேனல் சூடேறும் முன் காலையிலேயே அடியுங்கள். ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகிக் குமிழி வரும். எனவே மழை நாளில் கம்ப்ரசர் டேங்க் தண்ணீரை வடிக்காமல் தொடங்கக் கூடாது. கலங்கிப்போன ஹார்ட்னரை வீசிவிடுங்கள்.

அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். வாசனையை வைத்து அளவு தெரியாது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். துணி மாஸ்க் எந்த விதத்திலும் காக்காது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க், கையுறை, கண்ணாடி இல்லாமல் 2கே கிளியர் அடிக்க வேண்டாம். வீட்டுக் கார் ஷெட்டில் இந்த வசதி இல்லையென்றால், தேய்ப்பதையும் பாலிஷையும் நீங்கள் செய்துகொண்டு, அடிக்கும் வேலையை பெயின்ட் பூத் (பெயின்ட் அடிப்பதற்கென்றே உள்ள மூடிய அறை) உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக அடித்த பேனலுக்கு ஒரு மாதமாவது வாக்ஸ் போட வேண்டாம், உள்ளே மிச்சமிருக்கும் தின்னர் வெளியேற வேண்டும். அதுவரை பறவை எச்சம் விழுந்தால் அன்றைக்கே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள், உலர்ந்ததைச் சுரண்டாதீர்கள்.