பிள்ளை உங்கள் கையில், தேத்தண்ணி மற்றவர் கையில்

வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டுக்குப் பச்சைப்பிள்ளையோடு வந்து இறங்கினால் அடுத்த நாளே ஆக்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். வந்தவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கதைப்பார், பெற்றவள் குசினிக்குள் நின்று தேத்தண்ணி போடுவாள். முதலில் இதை மாற்றுங்கள். சமையல், துணி தோய்ப்பு, தேத்தண்ணி எல்லாம் மற்றவர்களுக்கு, பிள்ளை உங்களுக்கு. மாமி "என்ன பிள்ளை செய்யவேணும்?" என்று கேட்டால் கூச்சப்படாமல் சோறு கறி என்று சொல்லுங்கள். வருகிற ஆக்களை வாசலில் சமாளிப்பது கணவரின் வேலை.

பிள்ளையின் முகத்தைக் கண்டதும் பாசம் பொங்கும் என்பார்கள். பலருக்கு முதலில் தெரிவது நோவும் களைப்பும்தான், அதில் குற்றம் ஒன்றுமில்லை. நாப்பியோடு மட்டும் பிள்ளையை உங்கள் வெறும் நெஞ்சில் படுக்கவைத்து, முதுகுக்கு மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்துங்கள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பி மூக்கும் வாயும் வெளியே தெரியவேண்டும். உங்களுக்கு நித்திரை வருகிற மாதிரி இருந்தால் பிள்ளையை அதன் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள். அப்பாவின் நெஞ்சிலும் இப்படி வைக்கலாம். பிறந்த பிள்ளைக்கு 20 - 30 சென்ரிமீற்றர் தூரம்தான் ஓரளவு தெரியும், பால் குடிக்கும்போது உங்கள் முகம் இருக்கிற தூரமும் ஏறக்குறைய அதுதான், ஆகவே அந்த நேரத்தில் போனை வைத்துவிட்டுப் பிள்ளையோடு கதையுங்கள். மீன்காரர் சொன்ன விலையைச் சொன்னாலும் போதும், வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகிய குரல்தானே. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும் என்பதால் கதைக்க நேரத்துக்குப் பஞ்சமில்லை. காம்பு மட்டும் வாயில் இருந்தால் நோகும். சின்னவிரலைப் பிள்ளையின் கடைவாயில் மெல்ல விட்டுக் காம்பை எடுத்து, சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் உள்ளே போகிற மாதிரித் திரும்பக் கொடுங்கள்.

பத்தியத்தில் சரக்குக்கறி, உள்ளி, முருங்கையிலை, பால்சுறா எல்லாம் நல்லாகச் சாப்பிடலாம். ஆனால் தண்ணீரைக் குறை, யன்னலைச் சாத்து என்பதை விடுங்கள். பால் கொடுப்பவருக்குத் தாகம் கூடும், கொழும்பு வெக்கையில் சாத்திய அறைக்குள் தாயும் வேகும் பிள்ளையும் வேகும்.

இரத்தப்போக்கு ஆறு கிழமை வரை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போகும். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பேட் முழுதாக நனைந்தாலோ, பெரிய இரத்தக்கட்டிகள் போனாலோ, 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நாற்றம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், கண் மங்கும் கடும் தலையிடி என்று எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990, காசு கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் அளவில் காரணமே இல்லாமல் அழுகை வரும், சாதாரணமாக இரண்டு கிழமைக்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் இருந்தால், பிள்ளை தூங்கியும் உங்களுக்கு நித்திரை வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாவிட்டால், அது வருத்தம், மருந்து இருக்கிற வருத்தம். மனநல உதவி இலக்கமான 1926க்குப் போன் எடுத்துக் கதைக்கலாம். உங்களையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் உடனே ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வருவார். பேற்றுக்காக அம்மா வீட்டுக்கு வந்து நிற்கிறீர்கள் என்றால் அந்தப் பகுதி மிஸ்ஸுக்கு நீங்கள்தான் அறிவிக்கவேண்டும். பிள்ளையின் நிறையைப் பார்த்துவிட்டு அவர் எழும்ப முதல், உங்கள் நித்திரையையும் அழுகையையும் பற்றி நீங்களே கதையைத் தொடங்குங்கள்.