அக்கிலீஸ் வீரனா, கெட்டவனா? கிரேக்கத் தொன்மத்தை வகுப்பில் நடத்தும் முறை

கிரேக்க வீரன் அக்கிலீஸை மையமாகக் கொண்ட ஹோமரின் டிராய் போர்க் காவியம் இலியட். ஒன்பதாம் வகுப்புக்கு அதை முதன்முறை நடத்தியபோது, "வீரனின் குணங்கள்" என்று பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கேட்டேன். துணிச்சல், நேர்மை, இரக்கம் என்று வரிசையாக வந்தன. கதையைச் சொன்னதும் "அப்படின்னா அக்கிலீஸ் கெட்டவன் சார்" என்று முடித்துவிட்டார்கள். இந்த ஆண்டு வரிசையை மாற்றினேன். இரண்டு பாடவேளை போதும்.

1. டிராய் போரில் யார் எந்தப் பக்கம் என்பதை ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். குணப்பட்டியல் இப்போது வேண்டாம்.

2. டிமே, கிளெயோஸ் என்ற இரண்டு சொற்களைப் பலகையில் எழுதுங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்: இரண்டையும் "புகழ்" என்றே சொல்லிவிட்டேன். டிமே கண்ணுக்குத் தெரிகிற மரியாதை. போரில் கிடைத்ததில் பங்கு, விருந்தில் நல்ல இறைச்சி, முன்வரிசை இருக்கை எல்லாம் அதில் அடங்கும். கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்கும் சண்டையைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். கிளெயோஸ், செத்த பிறகும் பாட்டில் ஒலிக்கும் பேர். போரில் சிறைபிடித்துப் பரிசாகக் கொடுத்த பிரிசெயிஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன் பிடுங்கியபோது போனது அக்கிலீஸின் டிமே. ஊர் திரும்பினால் நீண்ட ஆயுள், டிராயிலேயே நின்று போரிட்டால் குறுகிய வாழ்வும் அழியாத கிளெயோஸும் என்று தாய் தெத்திஸ் சொன்னதை 9ஆம் காண்டத்தில் அவனே சொல்கிறான். அந்த இடத்தை அவசரப்படாமல் நடத்துங்கள்.

3. 6ஆம் காண்டத்தில் டிராய் இளவரசன் ஹெக்டர் மனைவியிடம் விடைபெறும் பகுதியை நகலெடுத்துக் கொடுத்து, உரக்கப் படிக்கவையுங்கள். திரைப்படம் போடாதீர்கள், சண்டைதான் மனதில் நிற்கும். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு குழந்தை அழ, அவன் சிரித்துக்கொண்டே அதைக் கழற்றித் தரையில் வைக்கும் இடத்தில் என் வகுப்பு அமைதியாகிவிட்டது. உடனே கேளுங்கள்: "இவன் எதற்கு அஞ்சுகிறான்?" பின்வாங்கினால் ஊரார் முகத்தில் விழிக்க வெட்கம் என்று அவனே சொல்கிறான். இதே கேள்வியை அக்கிலீஸுக்கும் போடுங்கள்.

4. 24ஆம் காண்டம். மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் கையை டிராய் அரசர், முதியவர் பிரியாம் முத்தமிடுகிறார். அக்கிலீஸ் அழுது, உடலைத் திருப்பித் தருகிறான். குணப்பட்டியலை இப்போது எழுதச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: "பிரிசெயிஸ் என்ன பொருளா?" என்று மாணவிகள் கேட்டதாக இரண்டு ஆசிரியைகள் எழுதியிருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்வி. மழுப்பாமல் 19ஆம் காண்டத்தைத் திறந்து, போரில் இறந்த அக்கிலீஸின் நண்பன் பட்ரோக்ளஸின் உடல்மீது விழுந்து அவள் அழுவதைப் படியுங்கள். கணவனையும் மூன்று சகோதரர்களையும் ஒரே நாளில் இழந்ததை அங்கே அவளே சொல்கிறாள். கணவனைக் கொன்றவன் அக்கிலீஸ்.