அசோ பாலிமர் படலத்தில் ஒளியால் கீற்றணி வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அசோபென்சீன் பிணைந்த பாலிமரின் மெல்லிய படலத்தில் இரண்டு லேசர் கற்றைகளைச் சில நிமிடங்கள் குறுக்கிட வைத்தால், எந்தக் கரைசலிலும் கழுவாமலேயே மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக ஒரு கீற்றணி எழுகிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே 1995-இல் வெளியிட்ட இந்த முறையை, தஞ்சை, குடந்தைப் பக்கத்துக் கல்லூரிகளில் திட்டப்பணியாக எடுக்க நினைக்கும் முதுநிலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒளி பட்ட இடம் எரிந்து பள்ளமாகிறது என்று எண்ணி லேசரின் திறனைக் கூட்டுவது பலரும் செய்யும் பிழை. அசோபென்சீன் மூலக்கூறுகள் ட்ரான்ஸ், சிஸ் என்ற இரு வடிவங்களுக்கிடையே மாறி மாறி மடங்கி விரிவதால் பாலிமர் இடம் பெயர்கிறதே தவிர, எதுவும் அழிவதில்லை. பரம்படிக்கும்போது சேறு வயலுக்குள்ளேயே ஒதுங்குவதைப் போன்றது அது. சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் அளவே போதும். அசோபென்சீன் வகையைச் சேர்ந்த டிஸ்பர்ஸ் ரெட் 1 சாயத்தைப் பாலிமருடன் வெறுமனே கலந்தால் ஆழம் மிகக் குறைவாகவே கிடைக்கும். சாயம் பாலிமர்ச் சங்கிலியில் வேதிப்பிணைப்பால் இணைந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒளிச்செறிவை மட்டும் கவனித்து, ஒளியின் மின்புலம் அதிரும் விதமான தளவிளைவை மறப்பது. இரு கற்றைகளின் மின்புலமும் கீற்றுகளின் திசையிலேயே அதிர்ந்தால், ஒளிப்பட்டைகள் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்தும் மேற்பரப்பு ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். மாறாக, ஒன்று இடஞ்சுழியாகவும் மற்றொன்று வலஞ்சுழியாகவும் வட்டத் தளவிளைவு பெற்றிருந்தால், ஒளிச்செறிவு எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தும் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழும். கீற்றுகளுக்குக் குறுக்கான திசையில் மின்புலக் கூறு இருக்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். என் மாணவர் ஒருவர், வட்டத் தளவிளைவை உண்டாக்கும் கால் அலைத்தகட்டைத் திருப்ப மறந்து ஒரு வாரத்தைத் தொலைத்தார். படலத்தின் மீதுதான் முதலில் சந்தேகம் போனது.

கோணத்திலும் கவனம் வேண்டும். அலைநீளத்தை, கற்றைகளுக்கு இடைப்பட்ட கோணத்தில் பாதியின் சைனைப் போல் இருமடங்கால் வகுத்தால் கீற்றிடைவெளி வரும். 532 நானோமீட்டர் லேசருக்கு இடைக்கோணம் 30 பாகை என்றால் இடைவெளி சுமார் 1,030 நானோமீட்டர். பாதியாக்க மறந்தால் 532 என்று தவறாக வரும்.

சோதனைக்கு விடும் 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் கற்றை சில விநாடிகளிலேயே விளிம்பு விளைவைக் காட்டிவிட்டால் (கீற்றணியில் பட்டுப் பல கற்றைகளாகப் பிரிந்துவிட்டால்), பள்ளம் விழுந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. படலத்துக்குள் மூலக்கூறுகள் திசைமாறி அடுக்கப்படுவதும் அதே விளைவைத் தரும். மேற்பரப்பின் மேடுபள்ளத்தை நுண்முனையால் தடவி அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியே இதற்குச் சாட்சி.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்று. டெட்ராஹைட்ரோஃபியூரான் போல விரைவில் ஆவியாகும் கரைப்பானைக் கொண்டு அந்நாட்களில் ஸ்பின் கோட்டிங் (தகட்டைச் சுழற்றிப் படலம் பூசுதல்) செய்தால், குளிர்ந்த படலத்தில் ஈரம் படிந்து பால்போல் வெளுத்துவிடும். மெதுவாக ஆவியாகும் சைக்ளோஹெக்சனோனைக் கொண்டு செய்து, வெற்றிட அடுப்பில் உலர்த்துங்கள்.

சரியாக வராத படலத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பாலிமர் விறைப்பு நீங்கி இளகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்று மேலே சூடாக்கினால் மேடுபள்ளம் சமமாகிவிடும். அதே படலத்தில் மறுநாள் மீண்டும் வரையலாம்.